மூன்றாம் தந்தியில் ஒரு விரல்

அன்புள்ள சவரிக்கு,

முதலில் ஒரு திருத்தம். நான் மகாபலிபுரம் கடற்கரையில் ஹிப்பிகளோடு உட்கார்ந்து கிட்டார் வாசித்துப் பாடினேன் என்று ரோஸ்லின் வீட்டில் பேச்சாம். அவளுடைய பெரியப்பா பஸ்ஸில் போகும்போது கண்ணால் கண்டாராம். அது கடற்கரை அல்ல. பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருக்கும் சவுக்கு மர நிழல். அது கிட்டார் அல்ல. நீ ஹோனலூலுவில் வாங்கி வந்து என் மடியில் போட்டுவிட்டுப் போன யுகுலேலே. நான் பாடவில்லை, பாடியது உன் ஆரோக்கியம் அத்தை. ஹிப்பிகள் என்று சொல்லப்படுகிறவர்கள் ஒரு பையனும் ஒரு பெண்ணும். யாரும் அழைக்காமல் அவர்களாக வந்து உட்கார்ந்தார்கள். அவர்களிடம் நான் பேசியது இரண்டே வாக்கியம்: கடலைத் தோலை என் புடவைப் பக்கம் போடாதே என்பது ஒன்று, என்னைப் படம் எடுக்கக் கூடாது என்பது மற்றொன்று. பெரியப்பா ஒருமுறை பஸ்ஸை விட்டு இறங்கிப் பார்த்திருந்தால் இவ்வளவும் தெரிந்திருக்கும். அறுபத்தெட்டு வயதில் என் நடத்தைக்கு நான் விளக்கம் எழுத வேண்டியிருக்கிறது. எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை ரோஸ்லினுக்குக் கொடு, அவள் வீட்டாருக்கும் கொடு, பாடகர் குழுவில் படிக்க விரும்புகிறவர்கள் படிக்கட்டும். மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை என்று எழுத வந்தேன். அது உண்மை அல்ல. ஒன்று இருந்தது. அதையும் இதிலேயே எழுதிவிடுகிறேன்.

விஷயம் உனக்குத் தெரியும். தவக்காலத்துக்கு முன் உனக்கும் ரோஸ்லினுக்கும் கல்யாணம். பூசை முடிந்து நீங்கள் இருவரும் பீடத்திலிருந்து இறங்கும்போது உன் அப்பாவின் பாட்டை நீயே யுகுலேலேயில் வாசிக்கப்போகிறாய், ரோஸ்லினின் பங்குப் பாடகர் குழு பாடப்போகிறது. நல்ல யோசனைதான். எந்த இடத்தில் எந்தச் சுரங்களைச் சேர்த்துத் தட்ட வேண்டும் என்று கார்ட் எல்லாம் எழுதி அனுப்பு என்று கேட்டாய். நான் எழுதி அனுப்பினேன். நீ அதைச் சைக்ளோஸ்டைல் போட்டு இருபது பேருக்குக் கொடுத்தாய். அதன் பிறகுதான், நான் முதலில் அனுப்பியது தவறு, கடைசி வரியில் இரண்டு கார்டை மாற்று என்று நாலு பக்கம் எழுதினேன். அதற்கு நீ போட்ட அஞ்சலட்டை என் முன்னால் இருக்கிறது. “அம்மா, பேப்பர் எல்லாம் கொடுத்தாயிற்று. சின்ன வயசிலிருந்து இப்படித்தான் கேட்டிருக்கிறேன். விடுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், வெயிலில் அலையாதீர்கள்.” நாலு பக்கத்துக்கு நாலு வாக்கியம். கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்து தந்தி அடித்துப் பழகியவன் பெற்ற தாய்க்கும் தந்திதான் அடிப்பான் போலிருக்கிறது. பம்பாயில் கரையில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிக்கிற உனக்கு ஒரு முழுத் தாள் எழுத நேரமில்லை என்பதை நான் நம்பவில்லை.

ஆகவே மறுபடி சொல்கிறேன், பொறுமையாகப் படி. நீ வைத்திருக்கும் புத்தகத்தில் கட்டம் போட்டுப் புள்ளி வைத்திருக்கிறார்கள். புள்ளி இருக்கும் இடத்தில் விரலை வைக்கிறாய், ஒரு ஓசை வருகிறது, அது சரி என்று நினைத்துக்கொள்கிறாய். எங்கிருந்து வந்தது என்று கேட்பதே இல்லை. ஒரு கார்ட் அந்தப் பாட்டின் ஏழு சுரத்திலிருந்துதான் பிறக்க வேண்டும். ஆர்மோனியத்தை மனதில் நினைத்துக்கொள். டி கட்டையில் தொடங்கி, வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக அழுத்திக்கொண்டு மேலே போ: டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி, சி, மறுபடி டி. கறுப்புக் கட்டையைத் தொடாதே. நாகசுரக்காரர்கள் இந்தப் படியைக் கரகரப்பிரியா என்பார்கள். என் பழைய தியரி புத்தகம் டோரியன் மோடு என்கிறது. பெயர் எதுவாக இருந்தாலும் சுரம் ஏழுதான். இனி ஒன்றை எடு, அடுத்ததை விடு, ஒன்றை எடு, அடுத்ததை விடு, ஒன்றை எடு. டி, எஃப், ஏ: இது டி மைனர், பாட்டின் வீடு. நாலாவது சுரத்திலிருந்து அதே போல எடுத்தால் ஜி, பி, டி: இது ஜி மேஜர். ஐந்தாவதிலிருந்து ஏ, சி, ஈ: இது ஏ மைனர். ஏழாவதிலிருந்து சி, ஈ, ஜி: சி மேஜர். இந்தப் பாட்டுக்கு இந்த நாலு போதும். ஏழு சுரத்துக்கு வெளியே நீ ஒரு சுரத்தைக்கூட அழைத்து வரக் கூடாது. இது ஒன்றும் கப்பல் ஓட்டும் வித்தை அல்ல, நாலாம் வகுப்புக் கணக்கு.

இனி யுகுலேலேக்கு வா. நாலு தந்தி, மடியில் வைத்துக்கொண்டால் மேலிருந்து கீழாக ஜி, சி, ஈ, ஏ. கீழே இருப்பது முதல் தந்தி, மேலே இருப்பது நாலாம் தந்தி. மற்ற வாத்தியங்களில் தடித்த தந்தி இருக்கும் அந்த மேல் இடத்தில் இதில் மெல்லிய தந்தி இருப்பதைப் பார்த்து, கடைக்காரன் உன்னை ஏமாற்றிவிட்டான் என்று நான் கப்பல் கம்பெனி முகவரிக்குக் கடிதம் எழுதினேன். அது அப்படித்தான் இருக்கும் என்று நீ பதில் போட்டாய். தவறு என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். நான் ஒப்புக்கொள்வது அடிக்கடி நடப்பதல்ல என்பதால் உனக்கு அது நினைவிருக்கும். கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகளுக்கு நடுவே இருக்கும் இடங்களைக் கட்டம் என்கிறேன். ஏ மைனர் வேண்டுமா, நாலாம் தந்தியில் இரண்டாம் கட்டத்தில் நடுவிரலை வை. அவ்வளவுதான், மற்ற மூன்றும் சும்மா கிடக்கட்டும். ஏ, சி, ஈ, ஏ என்று கேட்கும். இப்போது ஆள்காட்டி விரலைக் கொண்டுவந்து மூன்றாம் தந்தியின் முதல் கட்டத்தில் வை. சி என்பது கறுப்புக் கட்டையான சி ஷார்ப் ஆகிவிடும், ஏ மைனர் என்பது ஏ மேஜர் ஆகிவிடும். நான் உனக்கு முதலில் எழுதி அனுப்பியது இந்த ஏ மேஜர். அந்த ஒரு விரல்தான் பெரிய தவறு. அந்த ஒரு விரலைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுவதும்.

அந்த விரல் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். என் அப்பா படாளத்தில் பிறர் நிலத்தில் கூலிக்கு உழுதவர். என்னை எட்டு வயதில் கான்வென்டில் கொண்டுபோய் விட்டபோது எனக்கு இரண்டு பாவாடைதான் இருந்தது. அங்கே பியானோ கற்றுக்கொடுத்த சிஸ்டர் என்னைத் தேர்ந்தெடுத்தார். மற்றப் பெண்கள் வீட்டில் பியானோ வைத்திருந்தவர்கள். நான் தவறே செய்யக் கூடாது என்று அன்று முடிவு செய்தேன், அதை இன்றுவரை காப்பாற்றி வருகிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். சிஸ்டர் ஒரு விதி சொன்னார்: மைனரில் பாட்டு முடியும்போது, கடைசிக்கு முந்தின கார்ட் மேஜராகத்தான் இருக்க வேண்டும், அதற்காக ஏழாவது சுரத்தை அரைப்படி உயர்த்து, இல்லாவிட்டால் பாட்டு வீட்டுக்குத் திரும்பாது. நான் அதை மனப்பாடம் செய்தேன். சிஸ்டர் சொன்னது பொய் அல்ல. அவர் வைத்திருந்த நோட்டுப் புத்தகத்தில் இருந்த பாட்டுகளுக்கு அது சரியே. எல்லாப் பாட்டுக்கும் சரி என்று அவர் சொல்லவில்லை. அதை நானாகச் சேர்த்துக்கொண்டேன். இதில் எனக்கு எரிச்சல் வருவது எதற்கென்றால், அதே சிஸ்டர் காலைப் பூசையில் எங்களுக்குப் பழைய இலத்தீன் பாட்டுகளைக் கற்றுக்கொடுத்தார். அவற்றில் பாதி இந்த டோரியன் படியில்தான் இருந்தன. ஏழாவது சுரத்தை உயர்த்தாமல் எட்டு வருடம் தினமும் காலையில் பாடினேன். மதியம் போய் உயர்த்தக் கற்றுக்கொண்டேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு அறுபத்தெட்டு வயது ஆக வேண்டியிருந்தது. உன்னைப் புள்ளி பார்த்து வாசிக்கிறவன் என்று திட்டுகிறேனே, நான் வேறு என்ன செய்தேன்.

உன் அப்பாவின் பாட்டு உனக்குத் தெரியும். அதை அவர் எங்கிருந்து கொண்டுவந்தார் என்பது தெரியாது, ஏனென்றால் நான் சொல்லவில்லை. செய்யூர்ப் பக்கத்தில் நாற்று நடும் பெண்கள் கரையேறும்போது பாடும் மெட்டு. அவருடைய அம்மாவும் அதில் ஒருத்தி. சொற்களை மட்டும் அவர் கொஞ்சம் மாற்றிக்கொண்டார். ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தா ஆன பிறகும் அந்த மெட்டை அவர் விடவில்லை. எனக்கோ அது சேற்று வாசனை அடிக்கும் பாட்டு. படாளத்துச் சேற்றைக் கழுவிக்கொண்டு வந்தவளுக்குச் செய்யூர்ச் சேறு எப்படிப் பிடிக்கும்.

அப்போது உனக்கு ஆறு வயது. கோயிலில் புதுநெல் மந்திரிக்கும் நாள். சாமியார் அப்பாவைக் கூப்பிட்டு, உங்கள் ஊர்ப் பாட்டு ஒன்று பாடுங்கள் என்றார். நான் ஆர்மோனியத்தில் உட்கார்ந்திருந்தேன், நீ என் முக்காலிக்குப் பக்கத்தில். அப்பா தொடங்கினார்: “வரப்பு மறையுது கண்ணே, வானம் கருக்குது, வெளக்கெரியுது வாசலிலே, வூடு கூப்புடுது.” அந்தக் கடைசிச் சொல்லில், பாட்டின் வீடான டிக்கு ஒரு படி முன்னால், அவர் சி பாடினார். நான் ஏ மேஜர் அழுத்தினேன், அதில் சி ஷார்ப். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உரசிக்கொண்டு கோயில் முழுவதும் கேட்டது. எல்லாருடைய கண்ணும் என் மேல் திரும்பியது என்று எனக்குத் தோன்றியது. நான் துருத்தியை நிறுத்தினேன். “சுருதி இறங்கிப்போச்சு, மறுபடி பாடுங்க” என்று சொல்லி, அந்தக் கறுப்புக் கட்டையை மூன்று முறை அழுத்திக் காட்டினேன், குழந்தைக்குக் காட்டுவது போல. முன் வரிசையில் ஒருவர் சிரித்தார். அப்பா அந்தக் கட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நான் கேட்டபடியே பாடி முடித்தார். ‘வூடு’ என்பதையும் ‘வீடு’ என்று திருத்திப் பாடினார். அதைத் திருத்தச் சொல்லி நான் கேட்கவே இல்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், அதில் நான் தேர்ந்தவள். “டீச்சரம்மா, இனிமே ஒம் பொட்டியே பாடட்டும். அதுக்குத்தான் தப்பே வர்றதில்லையே” என்றார், சிரித்துக்கொண்டேதான். அதை ஒரு கேலி என்று நினைத்தேன். அதன் பிறகு அவர் கோயிலில் பாடவில்லை. என் எதிரிலும் பாடவில்லை. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது முணுமுணுப்பது வாசலில் கேட்கும். நான் கேட்டைத் திறக்கும் சத்தம் வந்ததும் நின்றுவிடும். அவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. அந்தப் பாட்டை உனக்குக் கற்றுக்கொடுத்தது நான், ஆர்மோனியத்தில், கறுப்புக் கட்டையோடு. சின்ன வயசிலிருந்து இப்படித்தான் கேட்டேன் என்கிறாயே, யாரிடம் கேட்டாய்? என்னிடம் கேட்டாய். உன்னை நான் இவ்வளவு நன்றாகக் கற்றுக்கொடுத்து வளர்த்ததற்கு இன்று என் தலையில் அடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இப்போது சவுக்கு மர நிழலுக்கு வருகிறேன். ஆர்மோனியத்தின் துருத்தியை எலி கடித்த பிறகு எனக்கு யுகுலேலேதான். போன மாதம் முதல் தந்தி அறுந்தது. செங்கல்பட்டில் கேட்காத கடை இல்லை. ஒருவர் எனக்குத் தையல் மெஷின் பெல்ட்டை எடுத்துக் காட்டினார். மீன் பிடிக்கும் நைலான் நரம்பு சரியாக வரும் என்று நீ ஒருமுறை சொல்லியிருந்தாய். ஆகவே திருக்கழுக்குன்றம் வழியாக மகாபலிபுரம் பஸ் ஏறினேன். அங்கே ஆரோக்கியம் அத்தை பஸ் நிற்கும் இடத்தில் வேகவைத்த வேர்க்கடலை விற்கிறாள் என்பது எனக்குத் தெரியும். அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. அப்பா இறந்த வீட்டில் பார்த்ததுதான். அதற்குப் பிறகு நான் போனதில்லை, அவளும் வரவில்லை. போகாததற்குக் காரணம் கேட்டால் என்னிடம் நல்ல காரணம் கிடையாது.

அவள் என்னைப் பார்த்துக் கூடையை நகர்த்தி இடம் கொடுத்தாள். “இன்னா அண்ணி, வழி தவறி வந்துட்டியா?” என்றாள். பையைத் திறந்து வாத்தியத்தை எடுத்ததும், “அய்ய, இது இன்னா, கிட்டாரு குட்டி போட்டுச்சா?” என்று அவள் கேட்டது நாலு கடை தள்ளிக் கேட்டிருக்கும். நான் யுகுலேலே என்று சொன்னேன். அவள் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்து, தன் வாய்க்கு வரவில்லை என்று விட்டுவிட்டாள். பக்கத்தில் வலை கட்டிக்கொண்டிருந்தவரிடம் ஒரு முழம் நரம்பு வாங்கிக் கொடுத்தது அவள்தான். புது நரம்பு இழுக்க இழுக்க இறங்கும். இரண்டாம் தந்தியில் ஐந்தாம் கட்டத்தை அழுத்தி அந்த ஏ ஓசைக்கு அதைச் சரி செய்வேன், ஒரு வரி வாசிப்பதற்குள் இறங்கிவிடும். மறுபடி முறுக்குவேன். இதனால்தான் அவ்வளவு நேரம் அங்கே உட்கார வேண்டியதாயிற்று, இதனால்தான் கூட்டம். பெரியப்பாவிடம் இதையும் சொல்.

சோதித்துப் பார்க்க எனக்குக் கைக்கு வந்தது அப்பாவின் பாட்டு. டி மைனர் தட்டினேன், இரண்டு முறைதான். ஆரோக்கியம் கடலையை அளந்துகொண்டே பாட ஆரம்பித்துவிட்டாள், நான் கேட்காமலே, தெருவில் உட்கார்ந்து, அவ்வளவு உரக்க. நான் நிறுத்து என்று சொல்லியிருப்பேன். ஆனால் அப்பாவின் குரலின் அடித்தொண்டை அப்படியே அவளிடம் இருக்கிறது. எனக்கு அது தெரியாது. கடைசிச் சொல்லில் நான் ஏ மேஜர் பிடித்தேன், அவள் பட்டென்று நிறுத்தினாள்.

“இன்னாத்த அழுத்தின அந்த எடத்துல? பல்லு கூசுது.”

“நீதான் இறக்கிப் பாடுற. சுருதி அதான்” என்றேன்.

“எங்கம்மா பாட்ட எனக்கே சொல்லித்தா. எங்கண்ணன் இப்டியா பாடுச்சு? மறுக்கா வாசி, பாப்போம்.”

மறுபடி வாசித்தேன், மறுபடி உரசியது. கடலை வாங்க வந்தவர்கூட முகத்தைச் சுளித்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவளைக் கண்டிக்க ஆள்காட்டி விரலை நீட்டினேன். நீ பார்த்திருக்கிறாய், நான் டீச்சராக இருந்த உன் ஸ்கூல் முழுவதும் பார்த்திருக்கிறது அந்த விரலை. அது இடது கை என்பதை நான் மறந்துவிட்டேன். விரல் தந்தியை விட்டு எழுந்தது, வலது கை பழக்கத்தில் தட்டிக்கொண்டே இருந்தது, அவளும் விடாமல் அந்த வரியைத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தாள். நடுவிரல் மட்டும் நாலாம் தந்தியில். ஏ மைனர். “வூடு கூப்புடுது” என்று அவள் இறங்கி வந்து டியில் நின்றாள், ஒரு உரசலும் இல்லை. பாட்டு வீட்டுக்கு வந்துவிட்டது. என் விரல் இன்னும் காற்றில் நீட்டியபடியே இருந்தது.

“ஆங், இப்ப சரியா கீது” என்றாள் ஆரோக்கியம். “இன்னா பண்ண?”

“விரலை எடுத்தேன்” என்றேன்.

“அவ்ளோதானா? இத்தினி வருசமா எடுக்காம இன்னா பண்ணினு இருந்த?” என்று கேட்டுவிட்டு அடுத்தவருக்குக் கடலை போடப் போய்விட்டாள். அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. வந்திருந்தவர் இரண்டு பொட்டலம் கேட்டார், அதனால் போனாள். ஹிப்பி என்று சொல்லப்பட்ட அந்த வெள்ளைக்காரப் பெண் கை தட்டினாள். நான் வாத்தியத்தைப் பையில் போட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்தேன். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.

வீட்டுக்கு வந்து தாளை எடுத்து ஏழு சுரத்தையும் எழுதி, நான் மேலே சொன்னபடி எடுத்தும் விட்டும் கட்டிப் பார்த்தேன். நாலாம் சுரத்திலும் என் தவறு இருந்தது: சிஸ்டருடைய மைனரை நினைத்து அங்கே ஜி மைனர் போட்டு வந்திருக்கிறேன், பி ஃபிளாட் என்ற இன்னொரு கறுப்புக் கட்டையைச் சேர்த்து. அப்பாவின் மெட்டில் அந்தச் சுரமும் இல்லை, அது ஜி மேஜர்தான். அப்பாவின் பாட்டில் கறுப்புக் கட்டையே கிடையாது, சவரி. ஒன்றுகூடக் கிடையாது. இரண்டையும் நான் கொண்டுபோய் வைத்தேன். வைத்துவிட்டு, அவருக்குச் சுருதி இல்லை என்று ஊரைக் கூட்டிச் சொன்னேன்.

ஆகவே கடைசி வரிக்கு இதைக் குறித்துக்கொள். டி மைனர், ஜி மேஜர், ஏ மைனர், டி மைனர். ஏ மைனருக்குப் பதில் சி மேஜர் வைத்தாலும் பொருந்தும். அதற்கும் ஒரே விரல்தான், முதல் தந்தியின் மூன்றாம் கட்டம். எது நன்றாக இருக்கிறது என்று ரோஸ்லினைப் பாடச் சொல்லிக் கேட்டு முடிவு செய். உன் காதால் முடிவு செய்யாதே, அதை நான் கெடுத்து வைத்திருக்கிறேன். இருபது பேருக்குத் தாள் கொடுத்தாயிற்று என்பது ஒரு காரணமே அல்ல. பாடுகிறவர்களுக்கு அந்தத் தாளில் மாற வேண்டியது ஒரே ஒரு சுரம். அதைப் பேனாவால் அடித்துத் திருத்த இருபது பேருக்கும் கை இருக்கிறது.

கல்யாணத்துக்கு முன் தாய் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது இது ஒன்றுதான். கூட வாசிக்கிறவன் பாடுகிறவள் எங்கே போகிறாள் என்று கேட்டுக்கொண்டு பின்னால் போக வேண்டும். அவள் உன் கார்டுக்குப் பொருந்தாவிட்டால், முதலில் உன் கார்டைச் சந்தேகப்படு. சந்தேகம் தீராவிட்டாலும் நாலு பேர் நடுவில் துருத்தியை நிறுத்தாதே. வீட்டுக்கு வந்து கேட்டுக்கொள். ரோஸ்லின் நன்றாகப் படித்த பெண், உனக்குப் பதில் சொல்வாள், அது நல்லது. உன் அப்பா பதில் சொல்லாதவர். பதில் சொல்லாதவரோடு வாழ்வது சுலபம் என்று நான் முப்பது வருடத்துக்கு மேல் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆரோக்கியம் அத்தைக்கு நான் பத்திரிகை நேரில் கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன். அவள் முதல் வரிசையில் என் பக்கத்தில் உட்காருவாள். கடலை விற்கிறவள் சம்பந்தி வரிசையில் உட்காருவதா என்று ரோஸ்லின் வீட்டில் யாராவது கேட்டால், மாப்பிள்ளையின் அத்தை என்று சொல். வேறு விளக்கம் வேண்டாம். நீ தவறாக வாசித்தால் அவள் பல்லு கூசுது என்று அங்கேயே சொல்லிவிடுவாள், அதையும் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

வாத்தியத்தை ஜன்னல் ஓரத்தில் வைக்காதே, பம்பாயின் ஈரக் காற்றில் பிசின் விட்டுப்போகும். இடது கை நகத்தை வெட்டு. போன முறை வந்தபோது பார்த்தேன், அந்த நகத்தை வைத்துக்கொண்டு ஒரு தந்தியும் ஒழுங்காக அழுந்தாது.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். அந்த நெல் மந்திரிப்புக்குப் பிறகு அப்பா உன்னைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்து ஸ்கூலுக்குக் கூட்டிப் போனார், ஏரிக்கரை வழியாக, ஐந்து வருடம். நான் அந்தச் சைக்கிளில் இல்லை. அந்த வழியில் அவர் பாடியிருப்பார். நீ அவர் கைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாய், உன் தலைக்கு மேலே அவர் வாய். நான் கற்றுக்கொடுத்ததைத் தள்ளி வைத்துவிட்டு நினைத்துப் பார். கடைசிச் சொல்லில் அவர் என்ன பாடினார்? தன்னுடைய சுரத்தையா, நான் திருத்திய சுரத்தையா? அவர் தன்னுடையதைப் பாடியிருந்தால் எனக்கு அது போதும். என்னுடையதைத்தான் பாடினார் என்றாலும் எழுது, மறைக்காதே. யாரும் கேட்காத சாலையில்கூட அவர் என்னுடையதைப் பாடினார் என்றால், அதை நான் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். இதைச் சொல்ல உன்னைத் தவிர வேறு ஆள் கிடையாது.

ஆகவே இரண்டு கேள்வி: விரலை எடுப்பாயா, அப்பா சைக்கிளில் எப்படிப் பாடினார். இரண்டுக்கும் பதில் வேண்டும். டெலிபோன் புக் செய்து பக்கத்து வீட்டுக்குப் பேசாதே, அஞ்சலட்டையும் வேண்டாம். ஒரு முழுத் தாளில், பேனாவால் எழுதி, உறையில் போட்டு அனுப்பு.

அன்புடன்,
அம்மா